வெருளிக்கு யாருடைய சட்டை?



இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். கடைசியில் உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது.

விவசாயப் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வெருளிப் போட்டி வைப்போம் என்று ஆசிரியர்கள் சிலர் பேசி முடிவெடுத்தோம். ஒவ்வொரு குழுவும் ஒரு வெருளி செய்ய வேண்டும். அவற்றைக் கொண்டுபோய்ப் பக்கத்து வயலில் நட்டு, ஊராரை அழைத்துக் காட்ட வேண்டும். வயல் ஒரு சிங்கள ஐயாவுடையது. கேட்டவுடனே சம்மதித்தார். மேலே றப்பர் தோட்டத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம்.

அறிவித்த அன்றே மூன்று கேள்விகள் வந்தன.

முதலாவது, ஒரு வாப்பா கேட்டது: "சேர், உருவம் செய்றது கூடுமா?"

இரண்டாவது, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு மூத்தம்மா கேட்டது: "எங்கட பலாக்காய முழுக்கத் திங்கிற குரங்கு இதுக்குப் பயப்படுமா மகன்?"

மூன்றாவது கேள்வி வகுப்புக்குள்ளே வந்தது. ஒரு மாணவன் எழும்பி, "சேர், மத்த ஆக்களப் போல உடுப்பாட்டினா நல்லாப் பயப்படும் என்ன?" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவன் கெட்ட பிள்ளை இல்லை. பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே நேரத்தில் இன்னொரு பாடசாலையில் இன்னொரு பிள்ளை எழும்பி நம்மைப் போல உடுப்பாட்டச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம்.

அன்று அவனைத் திட்டவில்லை. "நாளைக்குப் பதில் சொல்றோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். வெருளியின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கியது அப்படித்தான். ஒரு நாளில் முடிக்க நினைத்த பதில் மூன்று வாரம் எடுத்தது. வாசித்ததைச் சுருக்கி இங்கே எழுதுகிறோம்.

முதலில் பெயர்

நாம் வெருளி என்கிறோம். வெருள்வது என்றால் மிரள்வது, வெருட்டுவது என்றால் மிரட்டுவது. தமிழ்நாட்டில் சோளக்கொல்லைப் பொம்மை என்பார்கள். கேரளத்தில் நோக்குகுத்தி, வட இந்தியாவில் பிஜூகா. நம் அயலவர்கள் பம்பயா என்பார்கள். அந்தச் சிங்களச் சொல்லுக்கு இன்னும் இரண்டு பாவனைகள் உண்டு. சொந்தப் புத்தி இல்லாமல் அடுத்தவன் ஆட்டுவதற்கு ஆடுகிறவனையும் பம்பயா என்பார்கள். ஆர்ப்பாட்டங்களில் கட்டி எரிக்கிற உருவமும் பம்பயாதான். வயலைக் காக்கிற பொம்மைக்கும், கோபத்தில் கொளுத்துகிற பொம்மைக்கும் ஒரே பெயர். இரண்டுக்கும் வேண்டியது அதே வைக்கோல், அதே கம்பு, அதே பழைய சட்டை. எதற்காகச் செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

வெருளிக்கு முன்னால் நின்றது யார்?

வெருளி ஒரு பதிலாள். ஒரு மனிதன் நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கிறது. அப்படியானால் அதற்கு முன்னால் அங்கே நின்ற மனிதன் யார்? இதைத் தேடிப் போனபோதுதான் விஷயம் எங்களைப் பிடித்துக்கொண்டது.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரியும். மலைச்சாரலில் தினை விளையும் காலத்தில் கிளி விரட்டப் போனவர்கள் இளம் பெண்கள். பரண் மேலே ஏறி இருந்து பகல் முழுக்கக் காவல் காப்பார்கள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அவர்கள் கையிலிருந்த கருவிகளின் பெயர்களே வருகின்றன: தழல், தட்டை, குளிர். தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து ஓசை எழுப்பும்படி செய்தது. கல் எறியக் கவண் இருந்தது. முருகன் வள்ளியைக் கண்டதாக இந்துச் சகோதரர்கள் சொல்லும் கதையும் தினைப்புனக் காவலில்தான் நடக்கிறது.

நம் நாட்டிலும் அதேதான். சேனைகளிலும் வயல் ஓரங்களிலும் மரத்தின் மேலோ கால்கள் நட்டோ கட்டும் காவல் குடிலைச் சிங்களத்தில் பெல என்பார்கள். இரவிலே நித்திரை வராமலிருக்கவும், அடுத்த குடிலில் இருப்பவனுக்குத் தான் விழித்திருப்பதைத் தெரிவிக்கவும் காவலாளிகள் பாடிய பாட்டுகளுக்குப் பெல் கவி என்று பெயர். தனிமையும் குளிரும் பயமும் கலந்த பாட்டுகள் அவை. குடிலிலிருந்து ஒரு கயிறு வயலுக்குள் போகும். அதன் நுனியில் தகரமோ மரப்பலகையோ கட்டியிருக்கும். பன்றி வரும் அரவம் கேட்டால் கயிற்றை இழுக்க வேண்டும். டக டக என்று அடிக்கும் அந்தக் கருவிக்கு டகய என்று பெயர்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்றும் இருந்தது. தியஹொல்மன. நீர்ப் பேய் என்று சொல்லலாம். ஓடையில் வரும் தண்ணீர் ஒரு மூங்கிலில் நிரம்பும். நிரம்பினால் பாரம் தாங்காமல் அது கவிழும். தண்ணீர் கொட்டியதும் மூங்கில் பழையபடி திரும்பும்போது மறுமுனை கீழே கல்லில் அடிக்கும். டக். மறுபடி நிரம்பும். மறுபடி டக். மனிதன் நித்திரை கொள்ளலாம், தண்ணீர் காவல் காக்கும். இதே கருவி ஜப்பானிலும் உண்டு. அங்கே அதற்கு மான் விரட்டி என்று பொருள்படும் பெயர். இப்போது அது வயலை விட்டுப் போய் அழகுத் தோட்டங்களில் அலங்காரமாக நிற்கிறது. மின்சாரமும் இல்லை, மருந்தும் இல்லை. நம் விஞ்ஞானப் பாடத்தில் நெம்புகோலைப் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்துக்குப் போனால் காவலாளி இன்னும் சிறியவன். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பயிருக்குக் காகம் விரட்டியவர்கள் சின்னப் பையன்கள். ஜோசப் ஆர்ச் என்ற ஒருவரின் வாழ்க்கையை வாசித்தோம். 1826இல் வார்விக்‌ஷயரில் பார்ஃபர்ட் என்ற கிராமத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் பாடசாலையை விட்டுக் காகம் விரட்டப் போனார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். கூலி நான்கு பென்ஸ். அந்தப் பையன்தான் பிறகு 1872இல் இங்கிலாந்தின் விவசாயக் கூலிகளுக்குத் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தார். 1885இல் பாராளுமன்றத்துக்கும் போனார். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வயல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது 1873இல். எட்டு வயதுக்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்றால், அதற்கு முன் எந்த வயதில் அனுப்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் எங்கள் குடும்பக் கதை ஒன்று. எங்கள் அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, இரண்டாம் வகுப்போடு நின்றவர். ஏன் நின்றீர்கள் என்று சின்ன வயதில் கேட்டால், "குருவி விட்டாத்தானே" என்று சிரிப்பார். பகிடி என்றுதான் நினைத்திருந்தோம். பிறகுதான் விளங்கியது. கதிர் பால் பிடிக்கும் காலத்தில் காலையிலும் பின்னேரமும் வயலில் ஆள் நிற்க வேண்டும். பெரியவர்களுக்கு வேறு வேலை. ஆகவே பிள்ளை நிற்கும். இரண்டு போகத்திலும் சில கிழமைகள் நின்றால் பாடம் விட்டுப் போகும். பாடம் விட்டால் வெட்கம். வெட்கத்தில் அப்படியே நின்றுவிடும்.

1945 ஒக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் நீங்கியது பெரிய விஷயம். ஆனால் கட்டணம் மட்டுமா பிள்ளையை வயலில் நிறுத்தியது? பிள்ளை பாடசாலைக்குப் போக வேண்டுமானால், வயலில் அதற்குப் பதிலாக யாராவது நிற்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்தக் கிழிந்த சட்டைப் பொம்மை சாதாரணமானதல்ல. நம் வாப்பாமார் கரும்பலகைக்கு முன்னால் இருந்த நேரத்தில் அவர்களுடைய இடத்தில் வெயிலில் நின்றது அது.

இரண்டாவது கேள்வி: பயப்படுமா?

மூத்தம்மாவுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். குருவி கொஞ்ச நாள் பயப்படும். குரங்கு அதைவிடக் குறைவு.

நெல்லுக்குப் பறவையால் ஆபத்து இரண்டு நேரம். விதைத்து முளை வரும் வரை ஒன்று. கதிரில் பால் பிடிக்கும்போது மற்றது. நெற்குருவிக் கூட்டம் இறங்கினால் பாலை உறிஞ்சிவிட்டுப் பதரை விட்டுப் போகும். இந்த இரண்டு கட்டத்தில் மட்டும் வெருளியை நட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றி, சட்டையையும் மாற்றி, இடையிடையே மனிதனும் போய்ச் சத்தம் போட்டால் பலன் உண்டு. நட்டுவிட்டு மறந்துபோனால் அதன் தலையிலேயே குருவி வந்து உட்காரும். அதைப் பார்க்காதவர் யார்?

பறவைகளை நாம் குறைவாக மதிக்கிறோம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோன் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006இல் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு முகமூடி அணிந்துகொண்டு சில காகங்களைப் பிடித்து அடையாள வளையம் போட்டு விட்டார். பிறகு அதே முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து கத்தின. பிடிபடாத காகங்களும் கத்தின. வருடங்கள் கடந்தும் அது நிற்கவில்லை. அதாவது, காகம் ஆளை மறக்காது. தனக்குத் தெரிந்ததை மற்றதற்கும் சொல்லிக் கொடுக்கும். அப்படிப்பட்ட ஒன்றை ஒரு சட்டியும் சட்டையும் எத்தனை நாள் ஏமாற்றும்?

குரங்கின் கதை நமக்கெல்லாம் தெரியும். தேங்காய், பலா, வாழை, மரக்கறி ஒன்றும் மிச்சமில்லை. நம் பகுதியில் வீட்டுத் தோட்டத்தைக் கைவிட்டவர்கள் எத்தனை பேர்? பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் பயந்து மரவள்ளி நடுவதை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை வந்தது. எதிர்ப்பும் வழக்கும் வந்து அது நின்றது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்தே நிமிடம், நாடு முழுவதும் அவரவர் தோட்டத்தில் தெரியும் குரங்கு, மயில், மர அணில்களை எண்ணச் சொன்னார்கள். சிவப்பு முகக் குரங்கு மட்டும் 50 லட்சத்தைத் தாண்டியதாகக் கணக்கு வெளிவந்தது. அந்தக் கணக்கெடுப்பு முறையை ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். ஐந்து நிமிடத்தில் எண்ணியது சரியோ பிழையோ, அன்று காலை நாடு முழுவதும் மனிதர்கள் வாசலில் நின்று வானத்தையும் மரத்தையும் பார்த்தார்கள். அது வெறும் பகிடி அல்ல. அத்தனை பேருக்கும் அத்தனை நட்டம்.

ஆகவே மூத்தம்மாவுக்குப் பதில்: வெருளி மட்டும் போதாது. எப்போதும் போதாமல்தான் இருந்திருக்கிறது. வெருளிக்குப் பின்னால் ஒரு மனிதன் வருவான் என்று பறவைக்குத் தெரிந்திருந்த காலத்தில்தான் வெருளி வேலை செய்தது. நாம் வயலுக்குப் போவதை நிறுத்தினோம். வெருளியின் பயமும் போய்விட்டது.

வெருட்டுவது வேறு, அழிப்பது வேறு

விரட்டி முடியாது, ஒரேயடியாக அழித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் ஒரு நாடு செய்து பார்த்தது.

1958இல் சீனாவில் மாவோ நான்கு பீடைகளை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். எலி, ஈ, நுளம்பு, நான்காவது சிட்டுக்குருவி. தானியத்தைத் தின்கிறது என்பது குருவியின் குற்றம். ஊர் ஊராக மக்கள் வெளியே வந்து சட்டி, தகரம், மேளம் எல்லாவற்றையும் தட்டினார்கள். குருவியை எங்கேயும் உட்கார விடாமல் விரட்டினார்கள். பறந்து பறந்து களைத்து விழுந்து செத்தன. கூடுகளைப் பிய்த்தார்கள், முட்டைகளை உடைத்தார்கள். ஒரு நாடு முழுவதும் வெருளியாக மாறியது. ஆனால் அந்தக் குருவிகள் தானியத்தை மட்டுமா தின்றன? பூச்சியையும் தின்றன. குருவி போனதும் பூச்சி பெருகியது. 1960இல் குருவியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அந்த வருடங்களில் சீனாவில் வந்த பெரும் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அரசின் பிழையான கொள்கைகளே பெரிய காரணம். ஆனால் குருவியைக் கொன்றதும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

இப்போது நம் வயலுக்கு வாருங்கள். நம் சிங்கள அயலவர்களின் பழைய வயல் முறையில் குருலு பாலுவ என்று ஒன்று இருந்தது. வயலில் ஒரு பகுதியைக் குருவிக்கென்று விட்டுவிடுவார்கள். அங்கே காவல் இல்லை. மற்றப் பகுதியில் விரட்டுவார்கள், இந்தப் பகுதிக்குள் விரட்ட மாட்டார்கள். "அங்க போ, இது உனக்கு" என்று இடம் காட்டி விடுவது போல. குருவிக்குப் போக இடம் இருந்ததால் வெருளிக்கும் வேலை இலகுவாக இருந்தது.

இதை வாசித்தபோது எங்களுக்கு ஹதீஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. புஹாரியிலும் முஸ்லிமிலும் வருவது, உங்களில் பலர் ஜும்ஆவில் கேட்டிருப்பீர்கள். ஒரு முஸ்லிம் மரம் நட்டாலோ பயிர் விதைத்தாலோ, அதிலிருந்து ஒரு பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால், அது அவனுக்கு ஸதகாவாக எழுதப்படுகிறது என்பது அதன் கருத்து. பறவையை ரஸூலுல்லாஹ் பங்காளியாக எண்ணியிருக்கிறார்கள். இங்கே நம் அயலவன் தன் வயலில் அதே பங்கை வேறு ஒரு வழியில் ஒதுக்கியிருக்கிறான். ஒரே வரம்பின் இரண்டு பக்கத்திலும் ஒரே அறம் இருந்திருக்கிறது. நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

உருவம் பற்றிய கேள்வி

முதல் கேள்வி கேட்ட வாப்பாவுக்கு: நீங்கள் கேட்டது நல்லது. நாங்கள் ஆலிம்கள் இல்லை, மார்க்கத் தீர்ப்புச் சொல்லவும் வரவில்லை. ஊர் ஹஸரத்திடம் போய்க் கேட்டோம். முகம் வரையாமல் செய்யும்படி அவர் சொன்னார். அப்படியே விதி வைத்திருக்கிறோம். வைக்கோல் நிரப்பிய சாக்கோ கவிழ்த்த சட்டியோ தலையாக இருக்கலாம். கண், மூக்கு, வாய் இல்லை. உண்மையில் நம் பக்கத்து வயல்களில் அதிகம் பார்ப்பதும் அப்படித்தானே? கரிச்சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி மட்டும் இருக்கும்.

அந்தப் புள்ளிச் சட்டிக்கு இன்னொரு வேலையும் சொல்வார்கள், கண்ணூறு கழிப்பது. கட்டுகிற வீட்டுக்கு முன்னால் பம்பயா தொங்குவதும் அதற்குத்தான். அது நம் நம்பிக்கை அல்ல. நம் போட்டியில் வெருளி குருவிக்கு மட்டும்தான். அதைப் பிள்ளைகளுக்கு விளக்கமாகச் சொல்லியிருக்கிறோம்.

உலகத்தில் போட்டி வைத்தவர்கள்

வெருளிப் போட்டி நாங்கள் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தின் யோக்‌ஷயரில் கெட்டில்வெல் என்ற சின்னக் கிராமம் 1994இலிருந்து வெருளித் திருவிழா நடத்துகிறது. வீட்டுக்கு வீடு வாசலில் வெருளி. பார்க்க வெளியூர் சனம் வரும். சேரும் பணம் ஊரின் பொதுத் தேவைக்குப் போகும். ஜப்பானில் யமகட்டா மாகாணத்தில் கமினோயமா என்ற ஊர் 1970களின் தொடக்கத்திலிருந்து நாடு தழுவிய வெருளித் திருவிழா நடத்தி வருகிறது.

ஜப்பானியருக்கு வெருளி மீது தனி மதிப்பு உண்டு. 712இல் எழுதப்பட்ட அவர்களுடைய மிகப் பழைய நூலான கொஜிகியில் ஒரு கதை வருகிறது. கடல் வழியாக வந்த சின்னஞ்சிறு ஒருவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒரு தேரை சொல்கிறது, வயலில் நிற்கும் வெருளியைக் கேளுங்கள் என்று. வெருளி சரியாகப் பெயர் சொல்கிறது. அதனால் நடக்க முடியாது, ஆனால் உலகத்தில் நடப்பதெல்லாம் தெரியும் என்று கதை சொல்கிறது. அது அவர்களுடைய புராணம். நமக்கு அதில் ஒரு கருத்துப் போதும்: ஒரே இடத்தில் பொறுமையாக நின்று பார்ப்பவனுக்கு ஊரின் எல்லா விஷயமும் தெரியும்.

ஆனால் எங்களை மிகவும் பாதித்தது ஜப்பானின் இன்னொரு ஊர். ஷிகொக்கு தீவில், மலைக்குள் இருக்கும் நகொரோ. சுகிமி அயானோ என்ற பெண் தன் வயதான தந்தையைப் பார்க்க அந்த ஊருக்குத் திரும்பி வந்தார். 2000களின் தொடக்கம். தோட்டத்தில் விதை போட்டார், பறவைகள் தின்றன. ஒரு வெருளி செய்தார். அதற்குத் தன் தந்தையின் உடுப்பைப் போட்டார். வீதியால் போன அயலவர்கள் தந்தைதான் நிற்கிறார் என்று நினைத்து அதற்குக் காலை வணக்கம் சொன்னார்களாம்.

பிறகு அவர் நிறுத்தவில்லை. ஊரில் ஒருவர் இறந்தால், அல்லது ஊரை விட்டுப் போனால், அவரைப் போல ஒரு பொம்மை செய்தார். நூற்றுக்கணக்கில் செய்தார். பஸ் தரிப்பிடத்தில் பொம்மை, வயலில் பொம்மை, திண்ணையில் பொம்மை. 2012இல் பிள்ளைகள் இல்லாமல் பாடசாலை மூடப்பட்டது. இன்று அந்த வகுப்பறையில் மாணவர்களின் இடத்தில் பொம்மைகள் இருக்கின்றன. கரும்பலகைக்கு முன்னால் ஆசிரியராகவும் ஒரு பொம்மை.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் ஆசிரியர் அறையில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். நம் நாட்டில் வெருளி வயலில் நின்றது பிள்ளை பாடசாலைக்குப் போவதற்கு. அங்கே கடைசியில் வெருளியே பாடசாலைக்கு வந்துவிட்டது. நம்மைச் சுற்றியும் பிள்ளைகள் குறைந்து மூடும் நிலையில் சின்னப் பாடசாலைகள் இருக்கின்றன. தரிசாகக் கிடக்கும் வயல்கள் இருக்கின்றன. கண்டி வீதியால் கொழும்புக்குப் போகும் பஸ்ஸிலும், அங்கிருந்து கட்டாருக்கும் கொரியாவுக்கும் போகும் விமானத்திலும் ஏறுவது நம் பிள்ளைகள்தான். தவறு என்று சொல்லவில்லை. யார் நிற்கப் போகிறார்கள் என்றுதான் கேட்கிறோம்.

மூன்றாவது கேள்விக்குப் பதில்

அந்த மாணவனுக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் சொன்னோம்.

"மகன், வெருளி வேலை செய்றது அதப் பார்த்தா வயல்காரன் நிக்கிற மாதிரி இருக்கிறதால. வேற யாரப் போலயும் செஞ்சா அது வயலக் காக்காது. நகொரோவில அந்தப் பிள்ளை வாப்பாட உடுப்பப் போட்டிச்சு. உங்கட அப்பாமார் தங்கட பழைய சாரத்தத்தான் கட்டி விட்டாங்க. வெருளி எப்பவும் வீட்டுக்காரன்ட சட்டையத்தான் போடும். அடுத்தவன்ட சட்டையப் போட்டா அதுக்குப் பேர் வெருளி இல்ல, கொடும்பாவி."

வகுப்பு இந்த முறை சிரிக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டு, "அப்ப எங்கட வாப்பாட வேலைச் சட்டையக் கொண்டு வரவா சேர்?" என்று கேட்டான். அவனுடைய வாப்பா றப்பர் பால் வெட்டப் போகிறவர். பால் காய்ந்து கறுத்த சட்டை. "அதத்தான் கொண்டு வா" என்றோம்.

நம் நாட்டில் அடுத்த சமூகத்தைப் பயமாகக் காட்டுவதற்கு நாம் எல்லோரும் உருவம் கட்டியிருக்கிறோம். மனதுக்குள்ளே கட்டியிருக்கிறோம். தாடி, தொப்பி, காவி, பொட்டு, அபாயா என்று உடுப்பை மட்டும் மாட்டி, உள்ளே வைக்கோலை அடைத்து, இதுதான் அவன் என்று நட்டிருக்கிறோம். பிறகு அதைக் கண்டு நாமே பயந்திருக்கிறோம். காகத்துக்கு மூன்று நாளில் விளங்குகிறது அது பொம்மை என்று. நமக்கு எத்தனை வருடம் எடுத்தது?

ஆகவே எங்கள் போட்டியின் விதிகள் இவைதான்.

1. வெருளி முகம் இல்லாமல் இருக்க வேண்டும்.

2. உடுப்பு செய்பவரின் சொந்த வீட்டிலிருந்து வர வேண்டும். யார் அதை உடுத்தியவர், அவர் என்ன வேலை செய்தார் என்று பிள்ளை இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். எந்தச் சமயத்தையும் இனத்தையும் காட்டும் உடுப்பு கூடாது.

3. பொலித்தீன் கூடாது. வைக்கோல், கமுகு மட்டை, தென்னோலை, சாக்கு போதும்.

4. நடும்போது வயலில் ஒரு மூலையைக் குருவிக்கென்று விட வேண்டும். வயல்கார ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "எங்கட சீயா விட்டவர். நாங்கதான் மறந்துட்டம்" என்றார். சீயா என்றால் அவருடைய பாட்டனார். மேற்கு மூலையைக் காட்டினார்.

5. பரிசு நல்ல அழகுக்கு அல்ல. எந்த வெருளி நட்ட இடத்தில் குருவி அதிக நாள் இறங்கவில்லை என்று பிள்ளைகளே தினமும் காலையில் போய்க் குறித்துக்கொண்டு வருவார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பரிசு. வெருளிக்குப் பின்னால் மனிதன் வர வேண்டும் என்று மேலே சொன்னோமே, அதற்காக.

தோட்டத்துப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். வருவார்கள், இன்ஷா அல்லாஹ். அன்று வரும் சின்னப் பிள்ளைகளுக்கு நம்மூர்த் தலகுலி வாங்கிக் கொடுக்க யாராவது முன்வந்தால் சந்தோஷம்.

இனி அந்தக் கேள்வி. உங்கள் வீட்டில் மூத்தம்மா, அப்பா, பெரிய வாப்பா யாராவது இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: "நீங்க குருவி விரட்டப் போயிருக்கீங்களா? எந்த வயலில? என்ன சொல்லிக் கத்துவீங்க?" அவர்கள் சொல்வதை எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வையுங்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கூப்பாடு இருந்திருக்கும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களோடு போய்விட்டால் பிறகு கேட்க ஆள் இல்லை.

எங்கள் அப்பாவிடம் நாங்கள் கேட்கவில்லை. "குருவி விட்டாத்தானே" என்று அவர் சிரித்தபோது நாங்களும் சிரித்துவிட்டு விளையாடப் போனோம். போட்டிக்கு நாங்கள் கொண்டுபோகும் வெருளிக்கு அவருடைய சாரம்தான். உம்மா பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். இன்னும் அவருடைய வாசம் போகவில்லை.